பத்து யார் மண்

லொறி பின்பக்கமாக வரும்போது 'பீப் பீப்' என்று ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தம் எங்கள் வாசலில் கேட்டபோது நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு ஏதோ சாமான் வருகிறது என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தால், எங்கள் டிரைவ்வேக்குள் ஒரு பெரிய லொறியின் பின்பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

மாக் கையோடு கதவைத் திறந்தேன். சாரதி ஒரு ரசீதுத் துண்டை நீட்டினான். விலாசம் சரி. இவருடைய பெயர் பாதி சரி. கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். துண்டெல்லாம் மா ஒட்டியது.

பிறகு லொறியின் பெட்டி மெல்ல மேலே எழும்பியது. மண் விழத் தொடங்கியது. விழுந்துகொண்டே இருந்தது. டிரைவ்வே மறைந்தது, புல்லின் ஒரு பக்கம் மறைந்தது, கராஜ் கதவு பாதிக்கு மறைந்தது. ஈர மண்ணின் வாசம் நான் மாக் குழைத்த குசினி வரைக்கும் வந்தது. நல்ல வாசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கராஜுக்குள்ளே வீட்டுக்காரன் கென்னுடைய கார் நின்றது.

"இஞ்சேருங்கோ! எழும்பி வாங்கோ! ஆரோ ஒருத்தன் மலையைக் கொண்டுவந்து கொட்டிப்போட்டுப் போறான்!"

இவர் என் கணவர். இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்தவர். இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து படியில் நின்றார். மலையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பத்து யார் எண்டுதானே கா சொன்னன்" என்றார்.

துணிக் கணக்கு

இதை விளங்கப்படுத்தாமல் மேலே போக முடியாது.

எங்கள் பேச்சில் உட்காரச் சொல்வதென்றால் 'இருங்கோ', ஆளைக் கேட்பதென்றால் 'ஆர்'. 'யார்' என்றால் துணி அளக்கிற 'யாட்', மூன்று அடி. சட்டைக்கு இரண்டு யார், சேலைக்கு ஆறு யார். நான் யாழ்ப்பாணம், இவர் மட்டக்களப்பு, என்னைக் கூப்பிடுவதே 'கா' போட்டுத்தான். எத்தனையோ சொல்லில் எங்களுக்குள் சண்டை வரும். இந்தச் சொல்லில் மட்டும் சண்டை வந்ததில்லை.

அதுவும் இவர் மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒரு புடவைக்கடையில் நின்றவர். மீசை அரும்புகிற வயதில் போய் நின்று, கடை எரிகிற நாள் வரைக்கும் நின்றார். ஒரு பெண் கடைக்குள் வந்தால் அவளுக்கு எத்தனை யார் வேண்டும் என்று பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் கென், "தோட்டத்துக்குக் கொஞ்ச யாட் மண் சொல்லிவிடு, பாதிக் காசு நான் தாறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இவர் யோசித்திருக்கிறார். பின்வேலி ஓரமாக ஒரு பாத்தி. நீளம் ஒரு சேலையும் ஒரு சட்டைத் துணியும் வரும். இடையில் கழிவு போகும். சரி, பத்து யார். போனை எடுத்து அப்படியே சொல்லிவிட்டார். இங்கே மண்ணை விற்கிற யார் நீளமும் அகலமும் உயரமும் சேர்ந்த யார் என்று புடவைக்கடையில் நின்ற மனுஷனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது?

இதோடு விட்டாரா? இல்லை. மறுமுனையில் இருந்தவன், "வெறும் மேல்மண்ணா, டிரிபிள் மிக்ஸா?" என்று கேட்டிருக்கிறான். டிரிபிள் மிக்ஸ் என்றால் மண்ணும் எருவும் பீற் மொஸ்ஸும் கலந்தது. பீற் மொஸ் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்துக் காயவைத்த பாசி, பஞ்சுபோல இருக்கும். தோட்டத்துக்கு அந்தக் கலவைதான் வேண்டும். ஆனால் இவருடைய காதில் விழுந்தது 'மிக்ஸ்' மட்டும்தான். கடையில் மிக்ஸ் என்றால் நைலோன் கலந்த பருத்தி, தோய்த்தால் சுருங்குகிற சாமான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நோ மிக்ஸ். பியூர்" என்று சொன்னாராம். அதை எனக்குச் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை வேறு.

பியூராகவே வந்தது. ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. விரலால் குத்தினேன், உடையவில்லை. வெயில் பட்டால் ஓடு, மழை பட்டால் சேறு.

கென் தன் கீழ் அறையிலிருந்து மேலே வந்து பார்த்தான். அவன் படியில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு உள்ளே போய் மண் அள்ள இரண்டு சவல் எடுத்துக்கொண்டு வந்தான்.

கதவைச் சாத்தாத மனுஷன்

கென்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை போடுகிற வேலைக்காரன். தலைமயிரைப் பின்னால் குடுமியாகக் கட்டியிருப்பான். மனைவி பிரிந்து போனபிறகு தனி ஆளாக நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு மேல்வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தான். மோர்னிங்சைட் பக்கம், பழைய செங்கல் வீடு, பின்னால் நீளமான வளவு.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, அந்தக் காலம். இரண்டு சின்னப் பெட்டைகளோடு நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. "இப்பதான் ஆள் வந்திட்டுது" என்பார்கள். அடுத்த கிழமையும் அதே 'வாடகைக்கு' போர்ட் தொங்கும். கென் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளைப் பார்த்து, "இவ இரவிலே அழுவாவா?" என்றான். "ஓம்" என்றேன். "நானும்தான்" என்று சொல்லி வீட்டுக் கதவுத் திறப்பைத் தந்தான்.

எங்கள் அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. இலையுதிர் காலத்தில் விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். லோயர் ஒரே ஒரு புத்திதான் சொன்னார். "ஒரு சின்னப் பொலிஸ் பிரச்சினைகூட வரக் கூடாது. றோட்டைக் கடக்கிறதெண்டாலும் லைற்றைப் பார்த்துக் கடவுங்கோ." நாங்கள் ஆளில்லாத றோட்டிலும் பச்சை விளக்கு வரும்வரைக்கும் நிற்போம். திருப்பி அனுப்பிவிட்டால் போவதற்கு எங்களுக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை.

சைவ மண், அசைவ மண்

மண்ணைத் திருத்துகிற வேலை எனக்கு வந்தது. என்னைப் பெத்த ஐயா புகையிலைச் செய்கைக்காரர். களிமண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் நானில்லை. கென் ஒரு வான் வண்டியில் பீற் மொஸ் பொதிகளும், ஆட்டெரு மூட்டைகளும், பருமணலும் கொண்டுவந்து இறக்கினான். பெரிய நீலத் தறப்பாளை விரித்து, மண்ணில் கொஞ்சம், பீற் மொஸ்ஸில் கொஞ்சம், எருவில் கொஞ்சம் என்று கொட்டி, இரண்டு மூலையை அவன் பிடிக்க, இரண்டு மூலையை நான் பிடிக்க, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டினோம். மா அரிக்கிற மாதிரித்தான். கைப்பிடியில் நின்ற மண் மெல்ல மெல்ல உதிரத் தொடங்கியது.

ஊரில் எருவாக மண்ணில் புதைக்கிற பூவரசங்குழைக்கு இங்கே எங்கே போவது? அயல் வீடுகளில் புல் வெட்டிப் பையில் கட்டி வாசலில் வைப்பார்கள். அதை இழுத்துக்கொண்டு வந்து குழி வெட்டித் தாட்டேன். குப்பை பொறுக்குகிறோம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பின்வேலி ஓரமாகக் கென் தனக்கென்று நாலு குழி வெட்டினான். டிரக்டர் சக்கரம் படுக்கிற அகலம், முழங்காலுக்கு மேல் ஆழம். என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஒரு விதமான கீரை" என்றான்.

அடுத்ததாக அவன் ஒரு பையைப் பிரித்துத் தறப்பாளில் கொட்டப் போனான். வெள்ளைத் தூள். என்னவென்று கேட்டேன். எலும்புத்தூள்.

"ஐயோ, நில்!" என்று கத்தினேன். "எங்கட கீரைப் பாத்திக்கு உது வேண்டாம். வெள்ளிக்கிழமையிலை நான் என்னத்தைச் சமைக்கிறது?"

என்னுடைய இங்கிலீசில் இதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. மண்ணுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் என்ன தொடர்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. இவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னேன். இவர், "மை வைஃப், வெஜிடேரியன் சொயில்" என்றார்.

"ஆட்டெருவும் ஆட்டிலிருந்துதானே வருகிறது?" என்றான் கென்.

"பாலும் மாட்டிலையிருந்துதானே வருது!" என்றேன். அவன் பையின் வாயை மடித்துக் கட்டினான்.

அன்றைக்கே தறப்பாளை இரண்டாகப் பிரித்தோம். என் பாத்திக்குச் சைவ மண். அவனுடைய நாலு குழிக்கும் அசைவ மண். எலும்புத்தூள், ஏதோ மீன் கரைசல், எல்லாம் அங்கே. எரு சூடு ஆறட்டும் என்று சில நாள் விட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவு அள்ளியும் முன்பக்க மலை பாதிக்குமேல் குறையவில்லை. அதன் தலையில் நான் பூசணி விதை போட்டேன்.

நுனி முறித்தேன்

மே மாத நீள விடுமுறையோடு பனி போய்விடும் என்பது இங்கத்தைய கணக்கு. அந்தக் கிழமை கென் நிலக்கீழ் அறையிலிருந்து நாலு கன்றை வெளியே கொண்டுவந்து நட்டான். ஐந்து விரல், ஏழு விரல் விரித்த மாதிரி இலை. மரவள்ளி இலையின் சாயல். எங்கள் புளிச்ச கீரைக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கென் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவான். கன்றுக்குத் தண்ணீர் விடுவது நான். ஆனி மாதம் போல் கன்று நெடுநெடு என்று மேலே போகப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. புகையிலை என்றால் தலையை முறிக்காமல் விடுவோமா? போய் நாலு கன்றின் நுனியையும் நகத்தால் கிள்ளினேன்.

ஒரு கிளை இரண்டானது. இரண்டையும் முறித்தேன், நாலானது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆடி முடிவில் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கையை விரித்து நின்றாலும் கட்டிப்பிடிக்க முடியாத பற்றையாகி வேலிக்கு மேலே தலை நீட்டியது. கென் வந்து பார்த்துவிட்டு, "இப்படி நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை" என்றான். நான் பெருமையாக, "டொபாக்கோ ஃபாமிலி" என்றேன்.

ஒரே ஒரு குறை. மணம். பின்கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும். மீன் கரைசல் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பாத்தியில் கீரையும் மிளகாயும் பயற்றங்காயும். அந்த நாலு பற்றைக்கு முன்னால் பாவற்காய்க்குக் கென் பலகை அடித்து ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பந்தல் போட்டுத் தந்தான். கெட்ட மனுஷன் இல்லை அவன், எத்தனை தரம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

செல்வம் அண்ணை சிகரெட் பற்றப் போனார்

ஆவணிக் கடைசியில் மொன்றியலிலிருந்து செல்வம் அண்ணை வந்தார். இவரோடு ஒரே கடையில் நின்றவர், அவரும் மட்டக்களப்பு. சாப்பிட்டுவிட்டுச் சிகரெட் பற்றுவதற்குப் பின்னால் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி, இறைச்சிக் கறிக்கு நல்ல சாமான் வளத்து வச்சிருக்கியள்!"

"என்ன சாமான், அண்ணை?"

"எங்கட பக்கம் வேட்டை இறைச்சிக்கு ஒரு இலை கிள்ளிப் போடுவாங்கள். நாலு இலை போட்டா பந்தி முழுக்கச் சிரிக்கும். கஞ்சா, தங்கச்சி, கஞ்சா!"

கதிரையைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்!"

இவர் வெறும் சோற்றைப் பிசைந்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்கோ! எப்ப தொடக்கம் தெரியும்?"

"நட்ட அண்டைக்கே தெரியும் கா."

நான் கத்தியது றோட்டு வரைக்கும் கேட்டிருக்கும். லைற்றைப் பார்த்து றோட்டைக் கடக்கிற மனுஷன், பொலிஸ் காரைக் கண்டால் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்கிற மனுஷன், கோடை முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ தண்ணீர் விட்டு, நுனி முறித்து, பிள்ளையைப் போல வளர்த்திருக்கிறேன். வெட்கமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து வந்தது.

"சொன்னா நீ போய்ப் புடுங்குவாய்" என்றார் இவர். "புடுங்கினா அவன் எங்களைப் போகச் சொல்லுவான். ரெண்டு புள்ளையளோட பிறகும் படி ஏறி இறங்கவா? அவன் வெட்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் பாக்காட்டிச் சரி எண்டு நெனச்சன்."

அவர் சொன்னதும் உண்மைதான். கென் வடக்கே எங்கேயோ கூரை வேலைக்குப் போயிருந்தான், அடுத்த கிழமைதான் வருவான். வந்ததும் பேசுவோம் என்று முடிவு பண்ணினோம். செல்வம் அண்ணை மட்டும் போகும்போது, "ரெண்டு இலை கொண்டு போகட்டா?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டினார்.

சிற்றி ஆள்

கென் வருவதற்கு முதல் சிற்றி என்கிற நகரசபை வந்தது.

கதவைத் திறந்தால் கழுத்துப் பட்டி கட்டிய ஒரு ஆள், கையில் பலகையில் செருகிய தாள். வாசலில் மண் மலை இன்னும் கிடக்கிறது, அதிலிருந்து பூசணிக் கொடி நடைபாதைக்கு இறங்கி நடக்கிறது, அயலில் ஆரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவும் எனக்கு விளங்கியது. அடுத்ததாக அவன் சொன்னது, "உங்கள் யாட்டைப் பார்க்க வேண்டும்."

யாட். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அந்தக் காலம் ஒரு கணக்குத்தான் வரும்.

"டென்" என்றேன்.

"மன்னிக்கவும்?"

"டென் யாட்." பத்து விரலையும் காட்டினேன். "ஆல் ஃபினிஷ். திஸ் ஒன்லி பலன்ஸ்."

"இல்லை, மேடம். உங்கள் யாட். பாக் யாட்."

பாக் என்றால் திருப்பி. மண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. "நோ பாக்! லொறி கோன்! லாஸ்ட் மே கோன்!" என்று றோட்டைக் காட்டினேன். அவன் பொறுமைசாலி. கையைச் சுழற்றி வீட்டுக்குப் பின்னால் என்று காட்டினான். நான் விடவில்லை. பூசணிக்காய் ஒன்றைத் தட்டிக் காட்டி, "குட் சொயில். நோ மிக்ஸ். பியூர்" என்றேன். இவரை ஊர் முழுக்கப் பகிடி பண்ணித் திரிந்த அதே வார்த்தை என் வாயிலிருந்து வருகிறது!

சத்தியமாகச் சொல்கிறேன், நான் தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. அவன் வளவைப் பார்க்கக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பேன்.

ஆனால் உள்ளே படுத்திருந்த இவருக்கு அந்தச் சொல் விளங்கியது. ஃபக்டரியில் கேட்டுப் பழகியிருந்தார். யன்னலுக்குள்ளால் 'யாட்' என்றதும் எழும்பிவிட்டாராம்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து இவருடைய குரல் கேட்டது. "இஞ்ச, அந்தாளைக் கூட்டிட்டு வா கா!"

கூட்டிக்கொண்டு போனேன்.

கூறை

பாவற்காய்ப் பந்தலில் என் சேலைகள் தொங்கின.

முதலில் இரண்டு நைலெக்ஸ் சேலையைப் போட்டிருக்கிறார். வெயில் பின்னால் நின்றதால் இலை இலையாய் நிழல் தெரிந்ததாம். மெல்லிய துணி சரிவராது என்று கடைக்காரனுக்கு ஒரு பார்வையில் தெரியும். ஓடிப்போய்ப் பெட்டிக்குள்ளிருந்து என்னுடைய கூறையை எடுத்திருக்கிறார். நான் தாலிக்குக் கழுத்து நீட்டியபோது உடுத்திய காஞ்சிபுரம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே நல்ல சாமான். அதைக் கடையில் விரிக்கிற மாதிரி ஒரே வீச்சில் வீசி, பந்தலின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் சுருக்கம் இல்லாமல் விரித்திருக்கிறார். மிச்சம் தெரிந்த கடைசிப் பற்றையின் தலையில் முந்தானையை எடுத்துப் போட்டிருக்கிறார்.

"பெட்ஷீற் இல்லையோ உங்களுக்கு!" என்று பிறகு நான் கேட்டேன். "இரிக்கிறது ஒண்டு. அதில புள்ளை படுத்திருந்தது" என்றார்.

சிற்றி ஆள் சேலைகளைப் பார்த்தான். எங்கள் வளவில் மூன்று சேலை, பதினெட்டு யார், வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாரத்தோடு நின்ற இவர், "வோஷிங் டே, சேர்" என்றார். சேலையிலே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவன் மூக்கைச் சுளித்தான். என் உயிர் போய் வந்தது. "ஃபிஷ்" என்றேன். "ஃபெர்டிலைசர்." அவன் தலையாட்டினான். மலையை மாத முடிவுக்குள் அள்ளிவிட வேண்டும் என்று தாளில் எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டான். நான் கீரைப் பாத்திக்குள்ளேயே குந்தி அழுதேன். இவர் பக்கத்தில் குந்தி முதுகைத் தடவினார்.

கென் வந்த அன்று நான்தான் பேசினேன். கேஸ், விசாரணை, திருப்பி அனுப்புவது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கொட்டினேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"ஏன் முதலே சொல்லவில்லை?" என்றான்.

"நீ கீரை என்று சொன்னாய்" என்றேன்.

அவன் கராஜுக்குப் போய் அரிவாளோடு வந்து நாலையும் அடியோடு வெட்டி, வேரையும் கிளறி எடுத்து, கறுப்புப் பைகளில் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, "நீங்கள் இருக்கலாம், தெரியும்தானே" என்று மட்டும் சொன்னான். அடுத்த கோடையில் அந்தக் குழிகளில் கத்தரி வைத்தேன். அசைவ மண், வெள்ளிக்கிழமையில் தொடமாட்டேன். மற்ற நாளில் அப்படி ஒரு கத்தரிக்காயை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

ஆனால் கூறையில் பிடித்த மணம் போகவில்லை. பிசின் பிடித்த மாதிரி முந்தானையில் நின்றது. பட்டைத் தோய்க்க முடியுமா? காற்றில் போட்டேன், சாம்பிராணி காட்டினேன், நப்தலீன் உருண்டை வைத்தேன். மூன்று மணமும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

விசாரணை அறை

விசாரணைக்கு வடிவாக உடுத்துக்கொண்டு வாருங்கோ என்று லோயர் சொன்னார். வெளியே குளிர், நைலெக்ஸ் கட்ட முடியாது. வேறு வழி இல்லை. கூறையையே உடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் இமிகிரேஷன் அதிகாரி, கண்ணாடி போட்ட வயதான மனுஷன். இந்தப் பக்கம் நாங்களும் லோயரும். நடுவில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெடியன். கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து வந்து நின்றன. கடை எரிந்தது என்கிறீர்கள். அந்தக் கடையில் நின்றதற்கு ஒரு கடதாசித் துண்டாவது இருக்கிறதா? துண்டுகளும் கடையோடு எரிந்துவிட்டன என்றார் இவர். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு சேலைக்கு எத்தனை யார்?"

"ஆறு, சேர்."

அது எந்தக் குழந்தைக்கும் தெரியும். அதிகாரி அதோடு விடாமல் வேறொன்று கேட்டார். மொழிபெயர்க்கிற பெடியன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணை, கடையிலை நிண்டனீங்களெண்டா என்ன செய்வீங்கள் எண்டு செய்து காட்டச் சொல்லுறார்."

இவர் எழும்பினார். அறையில் துணி எங்கே? என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முந்தானையைத் தா கா."

தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நொடியில் இவர் வேறு ஆளாகிவிட்டார். கரையை மூக்கு நுனியில் வைத்து, மற்றக் கையை நீட்டி, ஒரே இழுப்பில் ஒரு யாரை அளந்தார். சரிகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நூலை விரலால் நெருடிக் காட்டினார். "காஞ்சிபுரம், சேர். மிக்ஸ் இல்லை. பியூர்" என்று சொல்லி, முந்தானையை உதறி வீசி அதிகாரியின் கோப்புகளுக்கு மேலே விரித்தார். வாய் தன்பாட்டில் தமிழில், "கலர் போகாது அம்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றது.

அவ்வளவுதான். அந்த மணம் குப்பென்று எழும்பியது. சாம்பிராணி, நப்தலீன், அவற்றுக்குக் கீழே அது.

அதிகாரி மூச்சை இழுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். எங்கள் லோயர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை, சேலையே எங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதிகாரி மெல்ல ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் தோட்டம் இருக்கிறதா?"

இவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, இங்கிலீசிலேயே சொன்னார்.

"யெஸ், சேர். டென் யாட்ஸ்."

அதிகாரியின் வாய் ஓரம் ஆடியது. சிரிப்போ, இருமலோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. சேலையை இரண்டு விரலால் தூக்கி, கோப்புகளை விடுவித்து, என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே, எதிரே நின்றுகொண்டிருந்த இவரிடம் ஏதோ சொன்னார். சின்னச் சொல். அவர் சொன்னது கதிரையில் உட்காரச் சொல்லித்தான். பத்திரம் கைக்கு வர அதன்பிறகு எத்தனையோ மாதம் பிடித்தது.

ஆனால் மொழிபெயர்க்கிற பெடியன் எங்கள் பக்கம் திரும்பி அதை எங்கள் பேச்சில் சொன்னான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அவன் ஏன் என்று தெரியாமல் பயந்துபோய், சொன்னதையே திரும்பவும் சொன்னான்.

"இருங்கோ, அண்ணை. இருக்கட்டாம்."